பிச்சை என்றொரு பெயர்

என் பெயர் பிச்சைமுத்து. வீட்டிலும் ஊரிலும் வெறும் பிச்சைதான். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் என்னோடு சேர்த்து நாலு பிச்சை இருந்தார்கள். குழப்பம் வராமல் இருக்க மேலத்தெரு பிச்சை, கடைக்காரப் பிச்சை, நெட்டைப் பிச்சை என்று அடையாளம் வைத்துக் கூப்பிடுவார்கள். இன்று அதே ஊரில் அறுபது வயதுக்குக் கீழே அந்தப் பெயரில் ஒருவர்கூட இல்லை. ரேஷன் கடை வரிசையில் "பிச்சை" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது நான் ஒருவன்தான். மற்ற மூவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு பேருக்கு இருந்தது, ஏன் காணாமல் போகிறது என்று எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். என் வயதுக்காரர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதியை நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிட்சை என்ற வடசொல்தான் தமிழில் பிச்சை ஆனது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பேருந்து நிலையமும் அலுமினியத் தட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. பழைய நாளில் அதற்கு அவ்வளவு இழிவு இல்லை. பௌத்தத் துறவியும் சமணத் துறவியும் பிச்சை ஏற்றுத்தான் உண்டார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அதற்கென்று ஒரு காதையே இருக்கிறது. சிவபெருமானுக்கே பிட்சாடனர் என்று ஒரு கோலம் உண்டு. கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மனின் கபாலத்தோடு ஊர் ஊராகப் பிச்சை எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் திருச்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடக் கரையில் இருக்கும் உத்தமர்கோவிலுக்கு இன்னொரு பெயர் பிச்சாண்டார்கோவில். பிச்சாண்டி, பிச்சாண்டவர், பிச்சையா என்ற பெயர்கள் எல்லாம் அந்தச் சாமியின் பெயர்கள்தான்.

ஆனால் எங்கள் ஊர் நாலு பிச்சைகளில் யாருக்கும் சாமியை நினைத்து அந்தப் பெயரை வைக்கவில்லை. நாலு பேருக்கும் முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் வைத்த பெயர் அது.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். முசிறிக்கு வடக்கே வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, கடலை. 1951-ல் நான் பிறப்பதற்கு முன்னால் என் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து இறந்திருந்தன. மூத்தது பெண், பதினோரு மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அடுத்தது ஆண்; எட்டாம் நாள். மூன்றாவதும் ஆண், நடக்கப் பழகிய பிறகு அம்மை வார்த்து இறந்தது. நாலாவதாக நான் வந்தபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லையாம். பயந்துதான் கிடந்தார்களாம். இதெல்லாம் என் அப்பாயி சொல்லித் தெரிந்துகொண்டது. அம்மா அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றித் தானாக ஒரு நாளும் பேசியதில்லை.

தீட்டுக் கழிந்ததும் அப்பாயி அம்மாவைப் பழைய சேலை ஒன்றைக் கட்டச் சொல்லி, மடியேந்தி ஏழு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழு வீட்டிலும் கம்பும் சோளமும் வாங்கி வந்து, அதைக் குத்திக் கஞ்சி காய்ச்சி அம்மா குடித்தார்கள். எனக்கு முதல் சட்டை தைத்ததும் ஊரில் வாங்கிய பழந்துணியில்தான். "இது எங்க புள்ள இல்ல, ஊரு போட்ட பிச்சை" என்று வாசலில் நின்று அப்பாயி மூன்று தடவை சொன்னார்களாம். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கட்டும் என்று. அன்றிலிருந்து நான் பிச்சை.

ஜாதகத்தில் எனக்கு வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா "பிச்சை" என்றுதான் சொன்னார். பெரிய வாத்தியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிச்சைமுத்துன்னு போட்டுக்கிறேன்" என்று எழுதிக்கொண்டார். அந்த முத்து அவர் இட்டது. அந்தக் காலத்தில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தவர்களும் பிறந்த தேதி வைத்தவர்களும் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள்தானே!

இது ஒரே முறை என்று நினைக்காதீர்கள். சில வீடுகளில் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறொருத்தி "கண்டெடுத்து" வந்து தாயிடம் கொடுப்பாள். அந்தப் பிள்ளை குப்பன் அல்லது குப்பம்மாள். படித்த வீட்டில் குப்புசாமி. சில வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். அது தவிடன், தவிட்டம்மாள். குறும்பு செய்யும் பிள்ளையை "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று இன்றும் கேலி செய்கிறோம். அந்தக் கேலிக்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. இன்னும் சிலர் ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குத்தான். இது விலையில்லாத சரக்கு, இதை எடுத்துக்கொண்டு போய் உனக்கு என்ன லாபம் என்று எமனிடம் பேரம் பேசுவது.

பிச்சைக்கு இன்னொரு பொருளும் உண்டு. கடவுளிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என்பது. இந்தப் பொருளில் மதம் ஒரு தடை இல்லை. அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டவர்கள் அந்தோணிப்பிச்சை என்று வைத்தார்கள். நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் நாகூர்ப்பிச்சை என்று வைத்தார்கள். அதில் இந்துக்களும் உண்டு. திருச்சிப் பக்கம் பிச்சை இபுராகீம் புலவர் என்று பெரிய தமிழ்ப் புலவர் ஒருவர் இருந்தார். கும்பகோணத்து எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியை எல்லோருக்கும் தெரியும். புதுக்கவிதைக்கு வழி போட்டவர். அவருடைய இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். நிலைத்து நின்றது பிச்சமூர்த்திதான்.

நம் ஊரோடு இது நிற்கவில்லை என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தெலுங்கில் பெண்டையா என்று ஒரு பெயர் உண்டு. அது நம் குப்பன். 1908-ல் பதினெட்டு வயதில் தூக்கு மேடை ஏறிய வங்காளப் போராளி குதிராம் போஸ் பெயரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அவருக்கு முன் பிறந்த அண்ணன்கள் இறந்துவிட்டதால், அவரை மூத்த அக்காவிடம் மூன்று கைப்பிடி நொய்யரிசிக்கு விற்றார்கள். வங்காளியில் நொய்க்கு "குத்" என்று பெயர், அதனால் குதிராம். நம் தவிட்டுக் கதையேதான்! காந்தியைச் சுட்ட கோட்சேக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராமச்சந்திரன். முன் பிறந்த ஆண் பிள்ளைகள் தங்காததால் மூக்குத்தி போட்டுப் பெண் பிள்ளைபோல வளர்த்தார்கள். மராத்தியில் மூக்கணிக்கு "நத்". அவர் நாதுராம் ஆனார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒடியா எழுத்தாளர் பக்கீர் மோகன் சேனாபதியின் கதை. 1843-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். நோயில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் பக்கீராக விட்டுவிடுகிறேன் என்று அந்த இந்துப் பாட்டி முஸ்லிம் பீர்களிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது, ஆனால் விட மனம் வரவில்லை. அதனால் மொகரம் வரும்போது எட்டு நாள் பேரனுக்குப் பக்கீர் உடை போட்டுப் பிச்சைக்கு அனுப்பினார். பிரஜமோகன் என்ற பெயர் போய் பக்கீர் மோகன் ஆனது. அந்தப் பாட்டிக்கும் என் அப்பாயிக்கும் மொழி வேறு, காலம் வேறு. பயம் ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போதும்பொண்ணு, வேண்டா என்ற பெயர்களோடு எங்கள் பெயரைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அந்தப் பெயர்கள், பெண் பிறந்தது போதும் என்று வைத்தவை. பிச்சை, குப்பன், தவிடன் எல்லாம் பிள்ளை வேண்டும், வேண்டும் என்று தவித்து வைத்தவை. வெளியே பார்க்க இரண்டும் மட்டமான பெயர்களாகத் தெரியும். உள்ளே இருப்பது நேர் எதிரானது.

பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டை விரிவாக எழுத வேண்டியதில்லை. "அம்மா தாயே" என்று பின்னாலிருந்து குரல் வரும். கபடியில் ஜெயித்தால் "பிச்சை எடுத்தான்" என்பார்கள், தோற்றால் "பிச்சை போட்டான்" என்பார்கள். உயர்நிலைப் பள்ளி முடியும் வரை இது உண்டு.

1973-ல் ஒரு நகராட்சியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே ஒரு மேலதிகாரி, நல்ல எண்ணத்தில்தான், "தம்பி, கவர்மென்ட் உத்தியோகத்துக்கு வந்துட்ட. கெஜட்ல போட்டுப் பேரை மாத்திக்க, பெரிய செலவில்ல" என்றார். என்னோடு சேர்ந்த ஒருவர் அப்படி மாற்றிக்கொண்டும் இருந்தார். நானும் விண்ணப்பம் வாங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதிகம் பேசாதவர். உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு, "வேணாம்ப்பா. எனக்கு பயமா இருக்கு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மீசை வைத்த பிள்ளையைப் பார்த்து அம்மா இன்னும் பயந்துகொண்டிருந்தார்! விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். அதன் பிறகு பெயரை மாற்றும் பேச்சை எடுத்ததில்லை.

என் வேலையில் பல வருடங்கள் சுகாதாரப் பிரிவில், பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் கழிந்தன. இடது பக்கம் பிறப்புப் பதிவேடு, வலது பக்கம் இறப்புப் பதிவேடு. பழைய பதிவேடுகளில் குழந்தையின் பெயர்ப் பகுதி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும். பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம் என்பது விதி. காலியாக இருக்கும் பெயர்களில் சிலதுக்கு அந்தத் தேவையே வராது. இடது பக்கம் எழுதிய அதே பிள்ளையைச் சில நாளில் வலது பக்கம் எழுத வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் அது வாடிக்கையாக இருந்தது. பணி ஓய்வு நெருங்கும்போது அப்படி ஒன்றை எழுத நேர்ந்தால், மேசையில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்கும் நிலை வந்திருந்தது.

அரசாங்கக் கணக்கும் அதையே சொல்கிறது. 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன் இறந்தன. 2020-ல் அது 28. தமிழ்நாட்டில் 13. நான் பிறந்தபோது 1971-ஐவிட மோசமான நிலை. எட்டுப் பெற்றால் ஐந்து தங்கும் என்று கிழவிகள் கணக்குச் சொன்ன காலம் அது.

எட்டாம் நாள் இறந்த என் அண்ணனுக்கு என்ன வந்தது என்று அப்பாயிக்குக் கடைசி வரை தெரியாது. "பால் குடிக்க வாயத் தொறக்கல, ஒடம்பு வில்லா வளைஞ்சிருச்சு, செய்வினைதான்" என்பார். பக்கத்து மேசை சுகாதார ஆய்வாளரிடம் ஒரு நாள் அதைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ரண ஜன்னி சார்" என்றார். வீட்டில்தான் பிரசவம், தொப்புள் கொடியை அரிவாளாலோ கைக்குக் கிடைத்த கத்தியாலோ அறுப்பார்கள். புண்ணில் சாம்பலோ சாணமோ வைப்பதும் உண்டு. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி அந்த வழியாக உள்ளே போகும். சில நாளில் தாடை இறுகி, உடம்பு விறைத்துவிடும். இதைத் தடுப்பதற்கு வேண்டியது சுத்தமான பிளேடும், கர்ப்பிணிக்கு ஒரு தடுப்பூசியும். வெறும் அவ்வளவுதான். என் அம்மா மடியேந்திப் போன ஏழு வீட்டிலும் அந்த ஊசி இல்லை. இருந்திருந்தால் எனக்கு இந்தப் பெயர் வந்திருக்காது.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பெரியம்மை ஒழிந்தது. 1985-ல் நாடு முழுவதும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு கிராமச் செவிலியர் வந்தார்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. பிறந்த பிள்ளை தங்கும் என்று தாய்க்கு நம்பிக்கை வந்த பிறகு, பிச்சை என்று எதற்குப் பெயர் வைக்கிறாள்? நாகரிகம் வந்து இந்தப் பெயர் போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். நாகரிகத்துக்கும் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மேசையின் இரண்டு பக்கப் பதிவேடுகளையும் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பெயரை ஊரைவிட்டு அனுப்பியதில் பெரிய பங்கு அந்த ஐஸ் பெட்டிக்கு.

2015 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை நடந்தது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வருகிறார் என்று உலகம் முழுக்கச் செய்தி. பிச்சை என்பது அவருடைய தகப்பனார் ரகுநாத பிச்சையின் பெயர். நாம் இனிஷியலாகப் போடுவதை வெளிநாட்டில் குடும்பப் பெயராகப் போட்டுவிடுகிறார்கள். அப்படி அது உலகப் பெயர் ஆகிவிட்டது. அந்த வாரம் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. கபடி விளையாடிய பழைய நண்பர்கள் எல்லாம் "என்ன கூகுள்?" என்று விசாரித்தார்கள்.

அதே 2015-ல் இன்னொரு செய்தியும் வந்தது. தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாளிதழில் உள்பக்கத்தில் சிறிதாக வந்திருந்தது. அதற்காக என்னை யாரும் அழைக்கவில்லை. நான் மட்டும் அதை இரண்டு தடவை படித்தேன்.

அடுத்த வருடம் எனக்குப் பேரன் பிறந்தான். பேரன் என்றாலே பெயரன்தான். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். மகன் பெங்களூரிலிருந்து பேசினான். "அப்பா, உங்க பேரையே வெச்சுடலாம்னு இருக்கோம். இப்ப அது சாதாரணப் பேரா?" என்றான். மனது குளிர்ந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கழித்து நேரில் போனபோது, வேண்டாம் என்றேன். மருமகளுக்குப் புரியவில்லை. "ஏன் மாமா, பெரியவங்க பேரு வைக்கிறதுதானே முறை?" என்று கேட்டாள். அவளிடம் மேலே எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். நீ கர்ப்பமாக இருந்தபோது ஊசி போட்டுக்கொண்டாய், பிள்ளை பிறந்ததும் அவனுக்கும் போட்டுவிட்டார்கள், யாரிடமும் பேரம் பேசும் நிலை உனக்கு இல்லை, பிறகு எதற்கம்மா இவனுக்கு அந்தப் பெயர் என்றேன். பிச்சையை விட்டுவிட்டு வாத்தியார் கொடுத்த முத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பேரன் முத்துக்குமரன் ஆனான்.

மருமகள் கொஞ்ச நேரம் பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த மூணு பேருக்கும் என்ன பேரு மாமா?" என்று கேட்டாள்.

அறுபத்தைந்து வயது வரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அந்த மூவருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, இறப்புச் சான்றிதழ் கிடையாது, போட்டோ கிடையாது. அப்பாயி, அப்பா, அம்மா மூவரும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருந்த என் அத்தை ஒருவர்தான். ஊருக்குப் போய் அவரைக் கேட்டேன். அத்தை யோசித்து யோசித்துச் சொன்னார். அக்காவின் பெயர் கிடைத்தது. அது அப்பாயியின் பெயர். சின்ன அண்ணனின் பெயரும் கிடைத்தது. எட்டு நாள் இருந்தவனுக்குப் பெயர் வைக்கவில்லை என்றார். நோட்டில் மூன்று வரியாக எழுதினேன். நடு வரியில் "பெயரில்லை, எட்டு நாள்" என்று எழுதியிருக்கிறேன். வேலையில் எத்தனையோ ஆயிரம் பதிவு போட்ட கை இது. அந்த மூன்று வரிக்குத்தான் அதிக நேரம் ஆனது. அத்தையும் மறு வருடம் தவறிவிட்டார்.

அதுவரை அந்த மூன்று பேரும் இந்த உலகத்துக்கு வந்து போனதற்கு இருந்த ஒரே பதிவு என் பெயர்தான். ஒவ்வொரு பிச்சைக்கும், குப்புசாமிக்கும், தவிட்டம்மாளுக்கும் முன்னால் இப்படிப் பெயர் தெரியாத சிலர் இருந்திருப்பார்கள். இந்தப் பெயர்கள் அரிதாகிப் போவதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இன்னும் இருபது வருடத்தில் அடியோடு இல்லாமல் போகட்டும், நல்லதுதான். ஆனால் அது போவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்தப் பெயர்களில் யாராவது பெரியவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு முன்னால எத்தனை பேர்?" என்று கேளுங்கள். சொல்வார்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.